ரவுட்டருக்கு ஒரு புழக்கடை வாசல்



வீட்டில் முன்கதவு திறக்கவில்லை என்றால் புழக்கடை வழியாகச் சுற்றிப் போவோம் அல்லவா? ரவுட்டருக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு. அதுதான் கன்சோல் போர்ட்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க 2018-ல் டான்ஃபிநெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் தருமபுரி மாவட்டத்தில் மட்டும் 251 ஊராட்சிகள். இப்படிப்பட்ட வலையமைப்பில் தூரத்தில் இருப்பவர் ரவுட்டரின் முகவரியைத் தப்பாக மாற்றினால், அவர் தொடர்பே அறுந்துவிடும். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான்! பிறகு நேரில் போய்த்தான் சரிசெய்யணும்.

"நெட் இல்ல, நாளைக்கு வாங்க" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னதால், ஒரு சான்றிதழுக்காக என் அப்பா இரண்டு நாள் கூலியை இழந்தார். அதனால்தான் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆர்வம் வந்தது.

கன்சோலுக்கு நெட் தேவையில்லை. எறும்பு வரிசை மாதிரி ஒவ்வொரு பிட்டாகப் போகும் சீரியல் தொடர்பு போதும். ஆர்.எஸ்.232 முறையில் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் என்றால் '1'. பிளஸ் 3 முதல் பிளஸ் 15 என்றால் '0'.

பல ரவுட்டர்களுக்கு ரோல்ஓவர் கேபிள் வேண்டும். தட்டையாக, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். ஒரு முனையின் 1-ஆவது பின் மறுமுனையின் 8-க்கும், 2-ஆவது 7-க்கும் போகும். சாதாரண நெட்வொர்க் கேபிளைச் செருகினால் வேலைக்கு ஆகாது. இன்றைய லேப்டாப்பில் காம் போர்ட் இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றி ஒன்றும் தேவை.

புட்டி மென்பொருளில் சீரியலைத் தேர்ந்தெடுத்து, காம் எண்ணைக் கொடுங்கள். வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. சில கருவிகளில் வேகம் 115200, கையேட்டைப் பாருங்கள். ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். ஆக, 9600-ல் வினாடிக்கு 960 எழுத்துகள்.

திரையில் கிறுக்கலாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. எழுத்து வருகிறது, தட்டினால் ஏற்கவில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் என்டரைத் தட்டிவிட்டு, காம் எண்ணையும் கேபிளையும் சோதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கன்சோலைத் தொட முடிந்தவர், பல ரவுட்டர்களில் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம். எனவே அறைக்குப் பூட்டு அவசியம்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரும்வரை அரூரும் பென்னாகரமும் ஏன் காத்திருக்கணும்? அந்தக் கேபிளைச் செருகத் தெரிந்த கை நம்ம ஊரிலேயே இருக்கட்டும். லேபில் ரவுட்டரைப் பார்த்தால் ஒதுங்கி நிற்காதீர்கள், நண்பர்களே!