பின்னல் வாலும் பித்தளைக் கம்பியும்

பெல் 47 ஹெலிகாப்டரை ஒருமுறை பார்த்தவருக்கு அதன் வால் மறக்காது. தகடு போர்த்தாத வெறும் குழாய்ச் சட்டம் அது. நீளவாக்கில் சில குழாய்கள் ஓடும். அவற்றுக்கிடையே குறுக்கும் மறுக்குமாகச் சிறு குழாய்கள் பின்னிக் கிடக்கும். ஊடே வானம் தெரியும். 1945 டிசம்பர் 8 அன்று முதன்முதலாகப் பறந்து, 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் இது. ஆரம்பத்தில் வாலுக்கு உறை இருந்தது; பின்னால் வந்த வகைகளில் அதைக் கழற்றிவிட்டார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட 47டி1-க்கும் இந்தத் திறந்த வால்தான்.

இந்தியாவுக்கும் இத்தகைய வால் புதிதல்ல. பிரான்ஸின் எஸ்.ஏ.315பி லாமா, உயர்ந்த மலைகளில் பறக்க இந்தியா கேட்டதற்காக உருவானது. 1972-இல் 12,442 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தது. அதையே பெங்களூரில் எச்.ஏ.எல். ‘சீத்தா’ என்ற பெயரில் தயாரித்தது. சியாச்சின் பனிமலைக்குச் சரக்கு கொண்டுபோன அந்த எந்திரத்துக்கும் பின்னல் வால்தான்.

வாலின் உறையைக் கழற்றியதில் ஹெலிகாப்டருக்கு எடை குறைந்தது. அதைச் சிறு மாடலாகச் செய்பவருக்கு வேலை கூடியது. 25 மில்லிமீட்டர் குழாய் 1:48 அளவில் அரை மில்லிமீட்டராகிவிடும். 1:72-இல் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லியதைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது கடினம். வார்த்தாலும் கிட்டின் சட்டகத்திலிருந்து வெட்டும்போதே ஒடியும். அதனால் கிட் கம்பெனிகள் குழாயைத் தடிமனாக்கின. அந்தத் தடிமன் பிடிக்காதவர்கள் பித்தளைக் கம்பியையும் அதைப் பற்றவைக்கும் ஈயத்தையும் கையில் எடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெல் 47-ஐப் பொறுத்தவரை மாடல்தான் மூத்தது, விமானம் இளையது. அதை வடிவமைத்த ஆர்தர் யங், 1928 முதல் பல ஆண்டுகள் சிறு மாடல்களைச் செய்துதான் ஹெலிகாப்டரைக் கற்றார். பென்சில்வேனியாவின் பாவோலியில் ஒரு பழைய களஞ்சியம்தான் அவருடைய பட்டறை. சுழலிக்குக் கீழே குறுக்குத் தண்டு ஒன்றைக் கோத்து, தள்ளாடாமல் பறக்கும் மாடலை உருவாக்கி, 1941-இல் பெல் கம்பெனியாரிடம் காட்டினார். அதன் பிறகுதான் அவருக்கு அங்கே வேலை கிடைத்தது.

பிளாஸ்டிக் கிட்கள் பரவியது அதற்குப் பின். 1939-இல் லண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், 1952-இல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலின் சிறு கிட்டை வூல்வொர்த் கடைகளில் விற்றது. அந்தக் காலத்து ஹெலிகாப்டர் கிட்டில் உடல் வடிவம் கிடைக்கும். ஏறும் படி, ஆன்டெனா, இருக்கைச் சட்டம், மீட்புக் கயிற்றின் கை போன்ற நுணுக்கங்கள் பெரும்பாலும் கிடைக்காது. விட்டதை மின்கம்பியின் செம்பிழையிலும் குண்டூசியிலும் தகர டின்னின் துண்டிலும் செய்துகொள்ள வேண்டியதுதான். பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, கோட்டின் இருபுறமும் ஊசி குத்தி, நடுவே கம்பியைக் கிடத்துவார்கள். அளவெடுத்தவரும் வெட்டியவரும் பற்றவைத்தவரும் ஒருவரே.

அன்றைய கருவி முரடு. மின்சார சால்டரிங் அயர்னைச் செருகினால் அது பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே போகும். நிறுத்த வழி பிளக்கைப் பிடுங்குவதுதான். உலோகத்தின் அழுக்கை விலக்கும் ஃபிளக்ஸாகப் பலர் பயன்படுத்தியது துத்தநாகத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த திரவம். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவாவிட்டால் சில வாரங்களில் மூட்டில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அடிப்படை விதி மட்டும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் அறிந்ததேதான்: உலோகம் சுத்தமாக இருக்க வேண்டும், நவச்சாரம் அழுக்கை விலக்க வேண்டும், ஈயம் சூட்டைத் தேடி ஓட வேண்டும்.

அன்றைய பெரும் தலைவலி அடுத்தடுத்த மூட்டுகள். பித்தளை சூட்டை விரைவாகக் கடத்தும். இரண்டாவது மூட்டுக்கு அயர்னை வைத்தால், அரை அங்குலம் தள்ளியிருக்கும் முதல் மூட்டு உருகிக் கம்பி விழும். ஈரக் காகிதத்தைச் சுற்றி முதல் மூட்டைக் காப்பாற்றினார்கள். பிளாஸ்டிக் உடலுக்கு அருகே அயர்னைக் கொண்டுபோகவே முடியாது. பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியிலேயே இளகிவிடும். ஆகவே சட்டம் முழுவதையும் வெளியே முடித்து, ஆறிய பிறகே உடலில் சேர்க்க வேண்டும். இந்த விதி இன்றும் மாறவில்லை.

முதல் பெரிய மாற்றம் எட்ச் தகடு. மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒளியுணர் பூச்சு பூசி, வரைபடத்தின் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சி, வேண்டாத இடத்தை ஃபெர்ரிக் குளோரைடால் அரித்தெடுப்பது அந்த முறை. பத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில், மடிக்க வேண்டிய கோட்டைப் பாதி ஆழத்துக்கு மட்டும் அரித்துத் தந்துவிடுவார்கள். 1989-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கிய எடுவார்டு கம்பெனி இதில் பெரும் பெயர் பெற்றது. பிற்பாடு வண்ணம் பூசிய தகடுகளையே விற்றது. இருக்கைப் பட்டை, கருவிப் பலகை, கால் மிதி எல்லாம் அட்டையாகக் கடையில் கிடைத்தன. அளவெடுக்கும் வேலை கைவினைஞரிடமிருந்து கம்பெனிக்குப் போனது. மடிப்பதும் பொருத்துவதும் இவரிடம் தங்கின.

பொருத்துவதிலும் போட்டி வந்தது. 1942-இல் கோடாக் ஆய்வாளர் ஹாரி கூவர் குழுவின் கண்ணில் பட்டு, 1958-இல் கடைக்கு வந்த சயனோஅக்ரிலேட்டை நாம் சூப்பர் குளூ என்கிறோம். நொடியில் ஒட்டும், சூடு வேண்டாம். ஆனால் பிடிப்பு கண்ணாடித்தனமானது: தட்டினால் விட்டுவிடும். தட்டையான பட்டைக்கு அது போதும். ஓரம் ஓரமாக மோதும் இரண்டு கம்பிகளுக்குப் போதாது. அங்கே ஈயம்தான் மூட்டைச் சுற்றி வழிந்து, இடுக்கை நிரப்பி, இரண்டையும் ஒன்றாக்கும்.

இதற்கிடையே ஈயமும் மாறியது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். காரீயத்தின் நஞ்சு கருதி, 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. மாடல் செய்பவரை அது நேராகத் தடுக்கவில்லை. ஆனால் வெள்ளி சேர்ந்த புது வகைகள் எங்கும் பரவின. அவை 217 டிகிரியை ஒட்டி உருகும். பிஸ்மத் கலந்த இன்னொரு வகைக்கு 138 டிகிரி போதும். பழைய தலைவலிக்கு மருந்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: முக்கிய மூட்டுகளை உயர்ந்த சூட்டில் உருகும் வகையால், அடுத்தவற்றை 183-ஆல், கடைசிச் சிறு துண்டுகளை 138-ஆல் வைத்தால், பின் மூட்டு முன் மூட்டைக் குலைக்காது. இதற்குத் தேவை சொன்ன சூட்டில் நிற்கும் அயர்ன். இன்று டைப்-சி கம்பியில் ஓடும், பேனா பருமனுள்ள அயர்னே சில நொடிகளில் சூடேறி அங்கேயே நிற்கிறது.

பிறகு ரெசின் அச்சுப்பொறி வந்தது. 405 நானோமீட்டர் ஒளியால் திரவ ரெசினை மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குப் படலமாக இறுகவைத்துக்கொண்டே போகும். சுழலித் தலை, எஞ்சின், துப்பாக்கித் தாங்கி போன்ற பருத்த, சிக்கலான பகுதிகளில் பித்தளைத் தகடு அதனோடு போட்டியிட முடியாது. தகட்டை எப்படி மடித்தாலும் உருண்டை வராதே! ஆனால் அரை மில்லிமீட்டர் தடிமனில் நீண்ட வால் சட்டத்தை அச்சிட்டால் காயும்போது வளைகிறது, எடுக்கும்போது ஒடிகிறது. மாடலின் எடையைத் தாங்கும் சறுக்குக் கால்களிலும் இதே கதைதான்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. கம்பெனிக்குப் போன அளவுகோல் பாதி திரும்பி வந்துவிட்டது. அச்சிட விரும்புபவர் அசல் விமானத்தின் புகைப்படத்தையும் கையேட்டையும் வைத்துக்கொண்டு கணினியில் வரைகிறார். ஐம்பதுகளில் பலகையில் ஊசி குத்தியவர் செய்த அதே வேலை. அப்படி அச்சிடும் சிலர், வாலை அச்சிடாமல் வாலுக்கான அச்சுப் படுக்கையை அச்சிடுகிறார்கள். கம்பி கிடக்கக் காடிகள், மூட்டு வரும் இடத்தில் சிறு குழி. கம்பிகளை இரண்டு மூன்று இடங்களில் பசைத் தாளால் பிடித்து வெளியே எடுத்து, ஈயத்தை மட்டும் கையால் வைக்கிறார்கள். ரெசினை அயர்ன் தீண்டக் கூடாதே.

ஆகவே அச்சுப்பொறி வந்ததும் பற்றவைப்பு ஒழிந்தது என்பது சரியல்ல. வேண்டாத இடங்களிலிருந்து அது விலகியிருக்கிறது. நீளமும் மெலிவும் பலமும் ஒன்றாகத் தேவைப்படும் இடத்தில் தங்கியிருக்கிறது. எந்த மூட்டை முதலில் வைப்பது, சூடு எந்தக் கம்பி வழியே ஓடும், சட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்ற கணக்கைக் கிட் பெட்டி சொல்லித் தராது. பெல் தொழிற்சாலையில் எஃகுக் குழாயை வெல்டிங் செய்தவரும் வால் கோணாமல் இருக்க இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். பின்னல் வாலைத் தானே பற்றவைத்துப் பார்ப்பவருக்கு அசல் எந்திரம் புரியத் தொடங்குவது அங்கேதான்.