தாராபாத்திரத் துளியும் குழாய்த் துளியும்

அக்னி நட்சத்திர நாட்களில் சிவாலயங்களில் இலிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவது மரபு. அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து பெருமானைக் குளிர்விக்கும். துளி சிறிதாயினும் இடைவிடாது விழுந்தால் பாத்திரம் வற்றிவிடும் என்பதை அர்ச்சகர் அறிவார். ஆகவே உரிய வேளையில் மீண்டும் நிரப்புவார். இல்லத்துக் குழாயில் அதே துளி வீணாக விழும்போது அதைக் கணக்கில் கொள்வோர் சிலரே.

வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயில் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள் விழுகின்றன. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் எனக் கொண்டால், அது 4 லிட்டருக்குச் சற்று அதிகம். மாதத்துக்கு ஏறத்தாழ 130 லிட்டர். குடத்தால் அளந்தால் பத்துக் குடத்துக்குக் குறையாது.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் இக்கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருந்தமையால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளத்தில் பாயும் காவிரி நீரை மேட்டு நிலத்துக்கு மின்விசையால் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஏறி வந்த நீர் யாரும் அறியாமல் சுவருக்குள் வழிந்து போவது வருந்தத்தக்கது.

இப்பகுதியின் ஆலைகளில் பணிபுரியும் பிள்ளைகளுடன் வசிக்கப் பல ஊர்களிலிருந்தும் பெற்றோர் வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கின்றனர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் மத்திகிரியில் ஒரு மாடி வீட்டில் இருந்தனர். பூஜை அலமாரியின் பின்சுவரில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. "சொன்னால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள், காலி செய்யவும் சொல்லக்கூடும்" என்று ஆசிரியர் அஞ்சினார். இரண்டு மாதம் ஈரத்தின்மேல் சுவாமி படத்தை நகர்த்தி மாட்டி மறைத்தனர்.

கீழ்வீட்டில் இருந்த உரிமையாளர் அம்மையாருக்கோ வேறு மனத்தாங்கல். "வீட்டில் இரண்டு பேர் பெரியவர்கள், ஒரு பிள்ளை. தொட்டி எப்படி ஐயா அதற்குள் தீர்ந்துபோகிறது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். மின்கட்டணமும் ஏறியிருந்தது. ஆசிரியரின் மனைவி அன்று மாலைக் கோயிலுக்குப் போகவில்லை. மறுவாரம் குளியலறை வாசலில் பரவியிருந்த நீரில் அவர் கால் வழுக்கிற்று. கதவைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினார். அதன் பின்னரே மகனிடம் உண்மையைச் சொன்னார்கள்.

மகன் செய்த சோதனைகள் எளியவை. இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரை நிறுத்தி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்தார். விடியலில் நீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. பல குடும்பங்களுக்கு ஒரே தொட்டியாயின், ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லும் வால்வைத் தனித்தனியே மூடிப் பார்த்தால் கசிவு எவ்வீட்டில் என்பது புலப்படும். முதியவர்கள் தாமே ஏணியில் ஏறலாகாது, இளையோரை ஏவுக.

அடுத்தது கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி. அதில் ஏதேனும் நிறம் கரைத்து, அரைமணி நேரம் பயன்படுத்தாது விட்டுப் பார்க்க வேண்டும். குங்குமத்தை அங்கே கரைக்க மனம் ஒப்பாது. மிஞ்சிய காப்பி டிகாக்‌ஷனே போதும். பேசினுக்குள் நிறம் இறங்கினால் தொட்டியின் உள்ளடைப்பு கசிகிறது என்று பொருள். அவர்கள் வீட்டில் நிறம் இறங்கியது.

சுவர் ஈரத்துக்கும் மொழி உண்டு. எப்போதும் ஈரமாயிருந்தால் நீர் வரும் குழாயில் கசிவு இருக்கலாம். குளித்த பிறகு மட்டும் பெருகினால் கழிவுக் குழாயோ தரை ஓட்டின் இணைப்போ காரணமாகலாம். மழைக்குப் பின் மட்டும் தோன்றினால் மொட்டைமாடியைப் பார்க்க வேண்டும். பூஜைச் சுவரின் ஈரம் என்றும் காயவில்லை. ஈரம் மின்சுவிட்ச் பலகையருகே பரவினால் அதைத் தொடாமல், மெயின் சுவிட்சை அணைத்து மின்பணியாளரை அழைப்பதே முதற்கடமை.

இனிச் செலவு யாருடையது? தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. வேறு உடன்பாடு இல்லையேல், கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதும் தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய்முனை, வாஷர், கைகழுவும் தொட்டி, கழிப்பறைச் சாதனம் ஆகியவற்றின் பழுதும் வடிகால் அடைப்பு நீக்குவதும் குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்து முடித்து, வரம்புக்குட்பட்டு வாடகையில் கழிக்கவும் வழி உண்டு. ஆயினும் முதலில் தேதியிட்டு எழுத்தில் தெரிவித்து, நகலும் புகைப்படமும் வைத்துக்கொள்வதே நலம்.

ஆசிரியர் தம் கைப்பட ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீழே சென்றார். "அம்மா, ஃப்ளஷ் தொட்டி எங்கள் பொறுப்பு, மாற்றிவிட்டோம். சுவருக்குள் குழாய் கசிகிறது, வந்து பார்க்க வேண்டும்" என்றார். அம்மையார் மாடியேறி வந்து, படத்தை விலக்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இதை முதல்நாளே சொல்லியிருக்கலாமே ஐயா! நீர் உங்கள் கையால் வீணாகிறது என்றல்லவா நினைத்துவிட்டேன்" என்றார். குழாய்ப் பணியாளர் வந்து சுவரைக் கொத்தி, துருவேறிய இணைப்பை மாற்றினார். இரண்டு மாதம் பொறுத்ததனால் பூச்சும் உதிர்ந்துவிட்டது, அச்செலவும் சேர்ந்தது. அதையும் அம்மையாரே ஏற்றார்.

ஒழுகிய நீரைவிட, சொல்லாமல் இருந்த இரண்டு மாதமே இரு வீட்டாருக்கும் அதிக இழப்பைத் தந்தது. இப்போது அவர்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஒவ்வோர் அமாவாசைக்கும் எதிரே பென்சிலால் 'தொட்டி' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அன்றிரவு மகன் நீர்மட்டத்தைக் குறிக்கிறார்; காலையில் அம்மையாரும் வந்து கேட்டுச் செல்கிறார். பிரதோஷத்துக்குச் சந்திரசூடேசுவரர் மலைக்கு இரு வீட்டாரும் ஒரே ஆட்டோவில் போகின்றனர்.