வீட்டுத் திரை: ஆளுக்கு ஒன்றா, அனைவருக்கும் ஒன்றா?



மாலை மயங்கும் நேரம். பழனி - கொடைக்கானல் மலைச்சாலையை ஒட்டிய வடகவுஞ்சியில் பனி இறங்கத் தொடங்குகிறது. காப்பித் தோட்டத்திலும் மலைவாழைத் தோட்டத்திலும் வேலை முடித்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனக்கண்ணால் பார்ப்போம். அடுப்படியில் அம்மா. திண்ணையில் அப்பா, கையில் செல்போன். கட்டிலில் மகள், காதில் இயர்போன். போர்வைக்குள் மகன், முகத்தில் செல்போன் வெளிச்சம். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மூன்று படங்கள் ஓடுகின்றன. பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

இது வடகவுஞ்சியின் கதை மட்டுமல்ல. நம் எல்லார் வீட்டுக் கதையும் இதுதான். எனவே, வீட்டில் திரைப்படம் பார்க்கச் சிறந்த வழி எது என்ற கேள்வி, எந்தக் கருவியை வாங்குவது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. நம் குடும்பம் குடும்பமாக இருக்கிறதா என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

1980-களில் கொடைக்கானலில் தூரதர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தபின், தென் மாவட்டங்களின் பல ஊர்களுக்குத் தொலைக்காட்சி வந்தது. அன்று ஊரில் ஓரிரு வீடுகளில்தான் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கும், ஞாயிறு மாலைத் திரைப்படத்துக்கும் தெருவே அந்த வீட்டில் கூடும். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஏழை வீடுகளுக்கும் சொந்தப் பெட்டி வந்தது. 2016-க்குப்பின் செல்போன் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. இப்போது ஆளுக்கு ஒரு திரை.

இந்த வளர்ச்சியை நாம் குறைசொல்லவில்லை. தொலைதூரத்து உலகம் மலைக்குடியிருப்பின் வாசலுக்கே வந்தது நல்லதுதான். ஆனால் திரைகள் பெருகப் பெருக, ஒரு திரைக்கு முன்னால் அமர்வோரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியுமா?

புனித கிளாரா காட்டும் வழி

தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலர் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அசிசி நகர்ப் புனித கிளாராவை 1958-ம் ஆண்டு திருத்தந்தை 12-ம் பத்திநாதர் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். நோயுற்றுப் படுத்திருந்த கிளாராவால் கிறிஸ்து பிறப்புத் திருவிழிப்புக்குச் செல்ல முடியவில்லை. தொலைவிலுள்ள ஆலயத்தில் நடந்த வழிபாட்டை அவர் தம் படுக்கையில் இருந்தபடியே கண்டார், கேட்டார் என்பது மரபு. தனித்துக் கிடந்தவரை அக்காட்சி திருக்கூட்டத்தோடு இணைத்தது. நம் வீட்டுத் திரை நம்மை இணைக்கிறதா, பிரிக்கிறதா?

எதில் பார்ப்பது?

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். ஒவ்வொரு வழியிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

கேபிளும் டிஷ்ஷும்: இவற்றில் படம் குறித்த நேரத்தில் வரும், வீட்டார் கூடி அமர வசதி. தூரதர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனால் தமிழ் அலைவரிசைகள் குறைவு. டிஷ் எதுவானாலும் கனமழையில் படம் தடைபடும். மலைவாழ் மக்களுக்கு இது புதிதல்ல.

இணையம்: விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். ஆனால் சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை செலவாகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில், இரண்டரை மணி நேரப் படம் முடியுமுன் அளவு தீர்ந்துவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இருப்போர், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்திலேயே படத்தைச் செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, பிறகு வீட்டில் பார்க்கலாம்.

செல்போனைத் தொலைக்காட்சியோடு இணைப்பது: நாம் பரிந்துரைக்கும் வழி இதுதான். கம்பி மூலமோ வைஃபை மூலமோ இணைத்துவிட்டால், ஒருவர் கையில் இருந்த படம் அனைவருக்கும் பொதுவாகிவிடும். உங்கள் செல்போனும் தொலைக்காட்சியும் இதற்கு இடம்தருமா என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. 32 அங்குலத் திரைக்கு ஐந்து, ஆறு அடி தள்ளி அமருங்கள். அறையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். கண்ணுக்கு இதமாக இருக்கும்.

திருட்டுப் பிரதிகள் வேண்டவே வேண்டாம். பல நூறு பேரின் உழைப்பைக் கூலியின்றி எடுத்துக்கொள்வது ஏழாம் கட்டளைக்கு எதிரானது. திருட்டுப் பதிவுக்கான தண்டனையை 2023-ம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் கடுமையாக்கியுள்ளது. வீட்டுச் சந்தா வீட்டுக்கு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். பங்கு மண்டபத்தில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

எதைப் பார்ப்பது?

1936-ல் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் திரைப்படம் பற்றிச் சுற்றுமடல் எழுதியபோதே, படங்களைத் தரம்பிரித்து மக்களுக்கு அறிவிக்கும்படி ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். இன்று அரசே வயது அடையாளம் தருகிறது. இணையத் தளங்களுக்கு 2021-ம் ஆண்டு விதிகள் வழியாகவும், திரையரங்குப் படங்களுக்கு 2023-ம் ஆண்டுத் திருத்தம் வழியாகவும் யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்ற பிரிவுகள் வந்துள்ளன. 13+ அல்லது அதற்கு மேற்பட்ட படங்களைப் பிள்ளைகள் திறக்காதபடி பூட்டும் வசதியை இணையத் தளங்கள் தரவேண்டும் என்பது விதி. பெற்றோரே, அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறீர்களா? எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால், அன்பியத்திலுள்ள இளைஞர் ஒருவரைக் கேளுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

விலக்குவதோடு நம் கடமை முடிவதில்லை. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-ல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. சமயம், மனித மதிப்பீடுகள், கலை என்ற மூன்று பிரிவுகளில் பிரிவுக்குப் பதினைந்து படங்கள். சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' அதில் உண்டு. மொழி தெரியாத தாத்தாவும் பேரனும் சேர்ந்து சிரிக்கலாம். நல்லதைத் தேடிக் கண்டடைவதும் திருச்சபையின் மரபே.

எப்படிப் பார்ப்பது?

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1994-ம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்குக் குடும்பமும் தொலைக்காட்சியும் என்ற பொருளிலேயே செய்தி வழங்கினார். பார்ப்பதைப் பெற்றோர் திட்டமிடவேண்டும், பார்த்ததைப் பிள்ளைகளோடு பேசவேண்டும், தேவையானபோது பெட்டியை அணைக்கவும் வேண்டும் என்பது அவரது அறிவுரை. தொலைக்காட்சியைப் பிள்ளை பார்க்கும் ஆயாவாக்கிவிடும் பெற்றோர், தங்கள் முதல் கடமையைக் கைவிடுகிறார்கள் என்றும் எச்சரித்தார்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறோம். 2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்', 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த உண்மை நிகழ்வைச் சொல்கிறது. பள்ளத்தில் விழுந்த நண்பனுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறார். இதைச் செல்போனில் தனியாகப் பார்க்கும் சிறுவனுக்கு, நாமும் அந்தக் குகைக்குள் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். அருகில் அப்பா இருந்தால் அந்த ஆசை வாய்ச்சொல்லாக வெளிவரும். தடை மீறிய விளையாட்டின் விலையையும், நண்பர்களுக்காக உயிரைக் கொடுக்கும் அன்பைப் பற்றி ஆண்டவர் இறுதி இராவுணவின்போது சொன்னதையும் அப்போது பேசலாம்.

2018-ல் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை' நம் மலைமக்களின் வாழ்வுக்கு நெருக்கமானது. தேனிப் பக்கத்து மலையில் சுமை தூக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பதே கனவு. கடைசியில், தன்னுடையதாய் இருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். படம் முடிந்ததும் மகள் கேட்கக்கூடும்: "நம்ம நிலம் எப்படிப்பா வந்துச்சு? தாத்தா யாருகிட்ட வேலை பார்த்தாரு?" பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் பேசாத கதை அன்று பேசப்படும். தாத்தா தூக்கிய சுமை பேத்திக்குத் தெரியவரும். ஒரு திரைப்படம் ஒரு வீட்டுக்குச் செய்யக்கூடிய நன்மை இதைவிட வேறென்ன?

ஆகவே, வாரத்தில் ஒருநாள் போதும். ஞாயிறு மாலையே அதற்கு ஏற்றது. எந்தப் படம் என்று சனிக்கிழமையே அனைவரும் கூடி முடிவுசெய்யுங்கள். ஒரு வாரம் பிள்ளைகள் தெரிவு, மறுவாரம் பெரியவர்கள் தெரிவு. குடும்ப செபம் முடிந்தபின் தொடங்குங்கள். மற்றச் செல்போன்கள் அலமாரிக்குள் இருக்கட்டும். அம்மாவும் அடுப்படியிலிருந்து வந்து அமரும்படி, சமையலில் அனைவரும் கைகொடுங்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்து போகாமல், கால்மணி நேரம் பேசுங்கள். தனியாக வாழும் அடுத்த வீட்டு முதியவரையும் அழையுங்கள்.

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரும் தாங்கள் கண்டவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்களோடுதான் உயிர்த்த ஆண்டவர் வந்து சேர்ந்துகொண்டார். என்ன பேசுகிறீர்கள் என்றும் கேட்டார். நம் வீட்டிலும் நாம் கண்டவற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். அவர் நம்மோடும் வந்து அமர்வார்.

புனித கிளாராவே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.