மழைக்கு முந்தி வரும் காற்று

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இடி முழங்கினால் மக்கள் குடையைத் தேடுவார்கள். கருமேகம் திரண்டதும் முதலில் குளிர்ந்த காற்று வீசும். சற்று நேரத்தில் மழை கொட்டும். ஆனால், உலகின் எல்லா இடங்களிலும் இப்படி நிகழ்வதில்லை. வறண்ட மலைப்பகுதிகளில் கோடைக்காலத்தில் இடி இடிக்கும், மின்னல் வெட்டும், காற்றும் பலமாக வீசும். மழைமட்டும் தரையைத் தொடாமல் போகலாம். அத்தகைய இடிமேகம் மழைக்குப் பதிலாகக் காட்டுத்தீயைக் கொண்டுவரக்கூடும்.

அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள அரிசோனா மாநிலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்குப் பாலைவனமும் மலைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஜூன் மாதத்தில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெயில் சுட்டெரிக்கும், காற்றில் ஈரப்பதம் மிகவும் குறைந்துவிடும். மலைச்சரிவுகளில் உள்ள புல்லும் புதர்களும் காய்ந்து கிடக்கும். ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ காற்றின் திசை மாறி, தெற்கிலிருந்து ஈரக்காற்று வரத் தொடங்கும். மழைக்காலம் வலுப்பெறுவதற்கு முந்தைய அந்தச் சில நாள்கள் ஆபத்தானவை. அப்போது மேகம் உருவாகும் அளவுக்கு மேலே ஈரம் இருக்கும். தரையிலோ வறட்சி நீங்கியிருக்காது.

பகலில் வெயிலால் சூடேறும் மலைச்சரிவு, தன்னை ஒட்டிய காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் பெரிய இடிமேகமாக வளர்கிறது. அம்மேகத்திலிருந்து மழைத்துளிகள் விழவே செய்கின்றன. ஆயினும், மேகத்திற்கும் தரைக்கும் இடையில் வறண்ட, சூடான காற்று இருப்பதால், துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. தொலைவிலிருந்து பார்த்தால், மேகத்தின் அடியில் சாம்பல்நிறத் திரை ஒன்று தொங்குவதுபோல் தெரியும். அத்திரை தரையை எட்டாது.

மழை தரைக்கு வராவிட்டாலும் மின்னல் வந்துவிடும். மின்னல் தன் பாதையில் உள்ள காற்றை ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கக்கூடியது. காய்ந்த மரத்தையோ புதரையோ அது தாக்கினால் தீப்பற்றிக்கொள்ளும். சில வேளைகளில் தீ உடனே வெளியே தெரியாது. மரத்தின் உட்பகுதியில் பல நாள்கள் கனன்றுகொண்டிருந்து, காற்று வீசும்போது கொழுந்துவிட்டு எரியும்.

இடிமேகத்தால் ஏற்படும் மற்றோர் ஆபத்து காற்று. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதைப் பலரும் உணர்ந்திருப்பர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். அவ்வாறே, மழைத்துளிகள் ஆவியாகும்போது அவற்றைச் சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே, அது வேகமாகக் கீழே இறங்குகிறது. தரையில் மோதியதும், வாளியிலிருந்து கொட்டிய நீரைப்போல் நாலாபக்கமும் பாய்கிறது. இந்தக் காற்று பல கிலோமீட்டர் தொலைவுவரை செல்லக்கூடும். அதன் வழியில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தால், தீ செல்லும் திசையே சில நிமிடங்களில் மாறிவிடும். மலைப்பகுதியில் நிலைமை மேலும் மோசமாகும். சரிவில் எரியும் தீ தனக்கு மேலே உள்ள செடிகளை முன்கூட்டியே சூடாக்குவதால், சமவெளியில் பரவுவதைவிட விரைவாக மேல்நோக்கி ஏறுகிறது.

2013ஆம் ஆண்டு அரிசோனாவின் யார்னெல் என்னும் சிற்றூருக்கு அருகில் இவை அனைத்தும் ஒருசேர நிகழ்ந்தன. ஜூன் 28ஆம் நாள், ஊருக்கு மேற்கே உள்ள மலைமேட்டில் மின்னலால் சிறிய தீ ஒன்று மூண்டது. அங்கிருந்த புதர்க்காடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீயைக் காணாததால் அடர்ந்து வளர்ந்திருந்தது. ஜூன் 30ஆம் நாள் கடும் வெப்பத்திலும் காற்றிலும் தீ விரைந்து பரவியது. அன்று பிற்பகல்வரை அது பெரும்பாலும் வடகிழக்கு நோக்கிச் சென்றது. அப்போது வடக்கே இடிமேகங்கள் திரண்டன. அவற்றிலிருந்து பலத்த காற்று வரக்கூடும் என்று வானிலை அதிகாரிகள் எச்சரித்தனர். அந்தத் தகவல் வானொலிக் கருவிகளின்வழி தீயணைப்புக் குழுக்களுக்குப் பகிரப்பட்டது.

பிரெஸ்காட் நகரைச் சேர்ந்த ‘கிரானைட் மவுண்டன்’ குழுவினர் அன்று மலைமேல் பணியாற்றிக்கொண்டிருந்தனர். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் அவர்களுக்கு அருகில் இருந்தது. மீண்டும் எரிய அங்கு ஒன்றுமில்லை என்பதால் அது பாதுகாப்பான இடமாகும். ஆயினும், அவர்கள் அங்கிருந்து புறப்பட்டு, புதர்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கினர். மாலை ஏறத்தாழ 4.30 மணிக்கு இடிமேகக் காற்று வந்து சேர்ந்தது. தீ திரும்பித் தெற்கு நோக்கிப் பாய்ந்து அவர்களின் வழியை அடைத்தது. தீத்தடுப்புக் கூடாரங்களுக்குள் அவர்கள் தஞ்சம் புகுந்தும் பயனில்லை. 19 வீரர்கள் உயிரிழந்தனர். வேறிடத்தில் கண்காணிப்புப் பணியில் இருந்த ஒருவர்மட்டும் உயிர்தப்பினார். யார்னெலில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின. தீயை அணைக்கும் அளவுக்கு மழையும் பெய்யவில்லை.

காட்டுத்தீயை எதிர்ப்போர் பயிற்சியில் நான்கு செய்திகளை மனத்தில் பதியவைத்துக்கொள்கின்றனர். தீயின் போக்கைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரோடு தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டும். தப்பிச்செல்ல வழி வேண்டும். அவ்வழி பாதுகாப்பான இடத்தில் முடிய வேண்டும். வெப்பம், வறட்சி, காற்று ஆகியவை சேர்ந்து தீ பரவ ஏற்ற சூழலை உருவாக்கும்போது, அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ‘செங்கொடி எச்சரிக்கை’ விடுக்கிறது. அத்தகைய நாள்களில் திறந்தவெளியில் தீ மூட்டுவதைப் பொதுமக்கள் தவிர்க்க வேண்டும். மின்னலைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால், மனிதரின் கவனக்குறைவால் மூளும் தீயைத் தடுக்கலாம்.

வீரர்கள் உயிரிழந்த மலைப்பகுதி 2016ஆம் ஆண்டு நினைவுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மலையேறும் பாதை நெடுகிலும் 19 பேருக்கும் தனித்தனியே நினைவுக்கல் பதிக்கப்பட்டுள்ளது. மழைக்கு முந்தி வரும் குளிர்ந்த காற்று வெப்பமண்டல நாடுகளில் இதமாக இருக்கிறது. வறண்ட மலையில் தீ எரியும்போது, அதே காற்று வீசத் தொடங்குவதற்கு முன்பே பாதுகாப்பான இடத்தை அடைந்திருக்க வேண்டும்.