இடைப்படியில் ஓர் ஊர்

ஊரைவிட்டுப் போனவர்களையெல்லாம் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரி செய்யும் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில், வறட்சி எல்லார் வாசலுக்கும் வந்திருக்கையில் சில வீடுகள் மட்டும் பூட்டிக் கிடப்பானேன் என்று விசாரித்தால், முன்னே போன மாமனோ மச்சானோ அழைத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சென்னைத் தெருமுனைகளில் திருநெல்வேலிச் சீமையாரின் ‘அண்ணாச்சி கடைகள்’ பெருகியது இவ்விதமே: ஒத்தாசைக்கு வந்த பையன் தொழில் கற்று, தனிக்கடை போட்டு, தன் பங்குக்கு ஊரிலிருந்து இன்னொருவனை வரவழைத்தான். பம்பாய்த் தாராவியில் திருநெல்வேலித் தமிழ் ஒலிப்பதும் இவ்வாறு வந்ததுதான்.

ஜனங்களின் இந்தப் பெயர்ச்சிக்கு விதிகள் வகுக்க முயன்றவர், ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ராவென்ஸ்டைன். பிரிட்டிஷ் ஜனக்கணக்கை ஆராய்ந்து 1885-இல் அவர் கண்டது, பெரும்பாலோர் நெடுந்தூரம் போவதில்லை; நகரத்தை அடுத்துள்ளவர் அதனுள் நுழைய, அவர் விட்ட இடத்தை அப்பாலுள்ளவர் நிரப்புகிறார் என்பதே. சங்கரநாராயணர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்து, 1927-இல் ரயிலையும், பின்னர் விசைத்தறிகளையும் பெற்று, பூச்சந்தையாலும் பெயர்பெற்ற சங்கரன்கோவிலும் அவ்வரிசையில் ஓர் இடைப்படியே: சுற்றுக் கிராமத்தானுக்குப் பட்டணம்; அதே ஊரில் படித்து முடித்த பிள்ளைக்கோ, திருப்பூருக்கும் சென்னைக்கும் புறப்படும் இடம். குறுந்தூரப் பெயர்ச்சியில் பெண்களே மிகுதி என்றும் ராவென்ஸ்டைன் சொன்னார். புக்ககம் போன பெண்ணை யாரும் குடிபெயர்ந்தவள் என்று கருதுவதில்லை. ஆயினும் 2011 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களின் இடப்பெயர்ச்சிக்குத் தலையாய காரணம் விவாகமே.

தமிழ்நாட்டில் 1951-இல் நூற்றுக்குச் சுமார் 24 பேர் நகரவாசிகள். 2011-இல் 48 பேர். இவ்வளவு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் அல்லர். குறைந்தது ஐயாயிரம் ஜனமும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கமும், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசியினருக்கு விவசாயமல்லாத ஜீவனமும் கொண்ட கிராமத்தைக் கணக்கெடுப்பு நகரமென்றே எழுதிக்கொள்ளும். அவ்வகை ஊர்கள் 2001-இல் 111 ஆக இருந்து 2011-இல் 376 ஆயின. நிலத்தை விட்டுத் தறிக்கோ கடைக்கோ போனவன், வீடு மாறாமலே நகரவாசியாகிவிடுகிறான்.

பிறப்பும் குறைந்துவிட்டது. ஒரு தலைமுறை தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளத் தாய்க்கு 2.1 குழந்தை வேண்டும். 2019-21 சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இங்கே 1.8தான். ஆகவே பின்னலாடைத் திருப்பூர் தென்பாண்டிப் பிள்ளைகளை மட்டும் நம்பியிராமல், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்களைக் கொண்டும் ஆலைகளை ஓட்டிவருகிறது.