வன்னிப் பெற்றோரும் சாரணர் பாசறையும்

பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து ஒரு கடிதம் வெளிவருகின்றது. சாரணர் பாசறை, மூன்று நாட்கள், இரண்டு இரவுகள், பெற்றோர் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட்டு அனுப்புதல் வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ உள்ள ஒரு வீட்டில் இக்கடிதம் எழுப்பும் கேள்விகள் சில்லறையானவை. மழை வருமா, நுளம்பு வலை கொடுத்தனுப்புவதா, தவறிப்போகும் பிரத்தியேக வகுப்புக்கு என்ன செய்வது என்பவற்றோடு அவை முடிந்துவிடும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அதே கடிதம் வேறு விதமான மௌனத்தை உண்டாக்குகின்றது. சீருடை, அணிவகுப்பு, விசில் ஒலி, வீட்டை விட்டு வெளியே தங்கும் முகாம் ஆகிய இந்த நான்கையும் வன்னித் தாய்மார் வேறொரு காலத்தில், வேறொரு பொருளில் அறிந்தவர்கள்.

இது வெறும் மனப்பிராந்தி அன்று. 2003 முதல் 2008 இறுதி வரை விடுதலைப் புலிகளால் சிறுவர்கள் சேர்க்கப்பட்டமை குறித்து 6,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை யுனிசெப் பதிவு செய்திருந்தது. மறுபுறத்தில், 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் வதிவிடப் பயிற்சிக்கெனக் கூடியிருந்த மாணவிகள் விமானத் தாக்குதலில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என அன்றைய அரசாங்கம் கூறியது. அவர்கள் பாடசாலை மாணவிகளே என யுனிசெப் கூறியது. முதலுதவியும் தலைமைத்துவமும் கற்பதற்கென்று சொல்லித்தான் அப்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பியிருந்தார்கள். இன்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தாயாக இருப்பவர் அன்று தாமே உறவினர் வீடுகளில் மறைத்து வைக்கப்பட்ட சிறுமியாக இருந்திருக்கக்கூடும். அவருடைய தயக்கத்தைப் பின்தங்கிய மனப்பான்மை என ஒதுக்கிவிடும் ஆசிரியர்களையும் அதிகாரிகளையும் நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் வன்னியை அறியாதவர்கள் என்றே கூறவேண்டும்.

எனினும், அத்தயக்கம் காரணமாகவே சாரணியம் என்பது யாது, அது எவ்வாறு இயங்குகின்றது, பெற்றோர் எதைக் கேட்டறிய வேண்டும் என்பவற்றை விளக்கிக் கூறுதல் அவசியமாகின்றது.

சாரணர் இயக்கத்தின் வேர் போரில்தான் இருக்கின்றது என்பதை மறைப்பதற்கில்லை. தென்னாபிரிக்கப் போரின்போது மஃபெக்கிங் நகரம் 1899 ஒக்டோபர் முதல் 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தது. அந்நகரைக் காத்து நின்ற பிரித்தானியப் படையதிகாரி பேடன் பவல். அங்கு சிறுவர்களைக் கொண்ட ஒரு படையணி தகவல் சுமந்து செல்லும் வேலையைச் செய்தது. துவிச்சக்கர வண்டியில் குண்டுகளுக்கிடையே சென்று வந்த அச்சிறுவர்களின் கதையைப் பின்னர் அவர் பெருமையோடு எழுதினார். வன்னி வாசகர்கள் இப்பகுதியை வாசிக்கும்போது சற்று நின்று யோசிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால், அவர் 1907 ஓகஸ்டில் பிரவுன்சீ தீவில் நடத்திய முதலாவது பாசறை வேறு வகையானது. செல்வந்தர் கல்லூரிகளில் பயின்ற பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுமாக ஏறக்குறைய இருபது பேரை ஒரே கூடாரங்களில் தங்கவைத்து, சமைக்கவும் முடிச்சுப் போடவும் தடம் பார்க்கவும் அவர் பழக்கினார். இராணுவப் பாணியிலான அணிநடைப் பயிற்சி பிள்ளைகளின் சுயசிந்தனையை மழுங்கடிக்கும் என்பது அவரது கருத்து. 1910இல் அவர் படையிலிருந்து விலகி இயக்கப் பணியில் முழுமையாக ஈடுபட்டார். இலங்கையில் 1912இல் மாத்தளையில் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் இயக்கம் 1917இல் கண்டியில் தொடங்கியது.

நமது மொழியிலும் இந்த இரட்டைத் தன்மை இருப்பது சுவையானது. சாரணர் என்ற சொல்லுக்கு ஒற்றர் என்ற பொருளும் உண்டு. அதே சொல் சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வழியில் தரிசிக்கும் சமண முனிவரைக் குறிக்கின்றது. பாசறையோ பழந்தமிழில் முழுக்க முழுக்கப் போர்க்களத்துச் சொல். எந்தப் பொருளைப் பிள்ளைகளுக்குக் கையளிக்கின்றோம் என்பது சொல்லில் இல்லை. நடத்துவோர் கையில் இருக்கின்றது.

சாரணியத்தின் உயிர்நாடி அணி முறையாகும். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட ஓர் அணி. அதற்குப் பறவை அல்லது விலங்கின் பெயர். அவர்களுள் மூத்த ஒருவரே தலைவர். விறகு சேர்ப்பதும் அரிசி களைவதும் பானை துலக்குவதும் அவர்களுக்குள்ளேயே பகிரப்படுகின்றன. பெரியவர் அருகில் இருப்பார், ஆனால் செய்து கொடுக்கமாட்டார். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சை முதல் உயர்தரம் வரை புள்ளிகளால் மட்டுமே அளக்கப்படும் பிள்ளைக்கு, ஒரு முடிச்சைச் சரியாகப் போட்டமைக்காகவும் ஒரு காயத்துக்குச் சரியாகக் கட்டுப் போட்டமைக்காகவும் சின்னம் கிடைப்பது பெரிய விடயம். ஜனாதிபதி சாரணர் விருது வரை செல்வோர் சிலரே. பெற்றோரில் ஒரு சாரார் அவ்விருதின் சான்றிதழுக்காகவே பிள்ளையைச் சேர்க்கின்றனர். அதில் தவறில்லை; ஆனால் அதற்கு முன்னரே கிடைத்துவிடும் பயன்களை அவர்கள் கவனிப்பதில்லை.

எமது வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது மகன் பதினொரு வயதில் வவுனியாவில் முதன்முதலாகப் பாசறைக்குச் சென்றான். முதலிரவு அழுதிருக்கின்றான். அவனது அணித் தலைவன் பதினைந்து வயது முஸ்லிம் மாணவன். தனது போர்வையையும் இவனுக்குக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் சுபஹ் தொழுகைக்காக எழுந்தவன், எழுந்ததுதான் எழுந்தோம் என்று அடுப்பையும் மூட்டித் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கின்றான். மற்றப் பிள்ளைகள் கண்விழிக்கும்போது தேநீர் தயார். மூன்றாம் நாள் மகன் ஒற்றைச் செருப்போடும் கரி படிந்த சட்டையோடும் வீடு திரும்பினான். அடிப்பிடித்த சோற்றைப் பற்றி ஒரு வாரம் பேசினான். தன் தட்டைத் தானே கழுவிவைக்கும் பழக்கம் அன்று வந்தது, இன்றும் இருக்கின்றது. சாரணியத்தைப் பற்றி எத்தனையோ உரைகளைக் கேட்ட எமக்கு அந்தத் தேநீரே இன்றுவரை நினைவில் நிற்கின்றது.

வன்னியில் இவ்வனுபவத்துக்கு மேலதிகப் பெறுமதி உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் அதிகம். அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளத்தில் இரண்டு தசாப்தங்கள் அகதி வாழ்வு வாழ்ந்தனர். 2009இன் பின்னர் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற இடங்களுக்குத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள், தமது பெற்றோரின் அயலவர்களைக் கதைகளில் மட்டுமே அறிந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. இடையில் காணிப் பிணக்குகளும் மனக்கசப்புகளும் சேர்ந்துகொண்டன. பாடசாலைகளும் பெரும்பாலும் தனித்தனி. இரு சமூகப் பிள்ளைகளும் ஒரே பானையைச் சுற்றி அமர்வதற்கு மாவட்டப் பாசறையைப் போல் இயல்பான சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லை.

அந்தப் பானையே சிக்கலாகவும் மாறலாம் என்பதை ஒழுங்கமைப்பாளர்கள் மறந்துவிடக்கூடாது. ஹலால் அல்லாத இறைச்சி வந்தால் முஸ்லிம் பிள்ளை பட்டினி; வெள்ளிக்கிழமை மச்சம் சமைத்தால் சைவப் பிள்ளை பட்டினி. பாசறை முழுவதும் மரக்கறி உணவாக இருந்தால் இருவருக்கும் சங்கடமில்லை, செலவும் குறைவு. தொழுகை நேரங்களை நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே குறித்துவிடலாம். நோன்பு மாதத்தில் பாசறையை வைக்காமல் விடலாம். மதக் கடமையைச் சாரணர் வாக்குறுதி முதலிடத்தில் வைக்கின்றது. எந்த மதம் என்று அது வரையறுப்பதில்லை. உலகில் சாரணர் தொகை மிக அதிகமாக உள்ள நாடு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியா என்பதை, இது கிறிஸ்தவ மேலைத்தேய இயக்கம் எனக் கருதும் பெற்றோருக்கு நினைவூட்டலாம்.

அவ்வாக்குறுதியில் நாட்டுக்கான கடமையும் உண்டு. தமிழ்ப் பெற்றோரில் சிலருக்கு இவ்விடத்தில் மனம் இடறுகின்றது. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின நிகழ்வில் பல தசாப்தங்களுக்குப் பின் தேசிய கீதம் தமிழில் ஒலித்தது. அதே மாதத்தில்தான் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாவது தேசிய ஜம்போரி நடந்தது. தென்னிலங்கைச் சாரணர்கள் பெருந்தொகையில் வடக்கே வந்து கூடாரமடித்தனர். நாடு பிள்ளையின் மொழியில் பேசும்போது வாக்குறுதி நாவில் இலகுவாக வருகின்றது. 2020இல் அக்கீதம் மீண்டும் தமிழில் ஒலிக்காமற் போனபோது, அந்த வாக்குறுதியைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் மாணவரின் கேள்விகளுக்கு விடை தேட நேர்ந்தது. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளிகளைக்கூடப் பாதுகாப்பு அமைச்சின் கீழான சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பல ஆண்டுகள் நடத்தியது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். இத்தகைய பின்னணியில், சாரணர் பாசறையை நடத்துவது யார், பயிற்றுவிப்போர் யார் எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. மாணவர் படையணி வேறு, சாரணர் வேறு. இவ்விரண்டையும் பாடசாலைகளே சில வேளைகளில் குழப்பிக்கொள்கின்றன.

வன்னிக்கே உரிய இன்னொரு விடயம் காடு. சாரணியம் பிள்ளையைக் காட்டுக்குள் அழைக்கின்றது. வன்னித் தாயோ முப்பது வருடங்களாகப் பிள்ளையைப் பார்த்து, பற்றைக்குள் போகாதே, கண்டதைத் தொடாதே எனச் சொல்லி வளர்த்தவள். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகளே இங்கு பிள்ளைகள் படித்த முதலாவது தடக்குறிகள். கண்ணிவெடியகற்றும் பணி பெருமளவு முன்னேறியுள்ளது; எனினும் முகமாலை போன்ற இடங்களின் பெயர் இன்றும் அச்சத்துடனேயே உச்சரிக்கப்படுகின்றது. ஆகவே, நடைபயணத்துக்கான பாதை உரிய அதிகாரிகளால் பாதுகாப்பானதென உறுதிப்படுத்தப்பட்டதா என்று கேட்பது பெற்றோரின் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். குளத்தில் குளிப்பதற்கு நீச்சல் தெரிந்த பெரியவர் இருக்கின்றாரா, யானை நடமாட்டம் உண்டா, பாம்புக் கடிக்கு அருகிலுள்ள வைத்தியசாலை எது என்பன அடுத்தவை.

இவற்றைக் கேட்பதால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என அஞ்சவேண்டியதில்லை. பெரிய நாடுகளிலேயே இவை பிழைத்திருக்கின்றன. 2023 ஓகஸ்டில் தென்கொரியாவில் நடந்த உலக ஜம்போரியில் 40,000க்கும் மேற்பட்டோர் கூடினர். கடும் வெப்பத்தால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பிரித்தானியக் குழுவினர் இடைநடுவில் வெளியேறினர், ஈற்றில் சூறாவளி எச்சரிக்கையால் முகாமே காலி செய்யப்பட்டது. அமெரிக்க ஆண் சாரணர் அமைப்பு 2020இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. சிறு வயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதாக அவ்வழக்கில் 80,000க்கும் அதிகமானோர் கோரிக்கைகளை முன்வைத்தனர். பல தசாப்தங்களாகப் பெற்றோர் கேள்வி கேட்காமல் நம்பியதன் விலை அது. வளர்ந்தவர் எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கலாகாது, எப்போதும் இரு பொறுப்பாளர்கள் வேண்டும் என்ற விதி இன்று பல நாடுகளில் கண்டிப்பாகப் பின்பற்றப்படுகின்றது. நம்மிடையே இதைப் பேசுவதற்கே கூச்சப்படுகின்றோம்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. சீருடை, சப்பாத்து, இடுப்புப் பட்டி, கழுத்துப்பட்டி, போக்குவரத்து எனக் கூட்டினால் நாட்கூலிக் குடும்பத்துக்கு அது தாங்காது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வீடுகளில் பாடசாலைச் சீருடையே பிரச்சினையாயிற்று. சாரணர் வேலை வாரத்தில் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று முற்றம் கூட்டி, வேலி கட்டிக் கூலி பெறுவது நல்ல பழக்கம். அந்த வாரத்தில் படலையில் நிற்கும் பிள்ளையிடம் வேலை கொடுக்காமல் காசை மட்டும் நீட்டுவோர் அதன் பொருளைக் கெடுக்கின்றார்கள். வளர்ந்த பிள்ளைகளின் சீருடைகளைப் பாடசாலையிலேயே சேகரித்து இளையோருக்குக் கொடுப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

உண்மையான தட்டுப்பாடு ஆளணிக்கே. சாரண ஆசிரியர் பணிக்குச் சம்பளம் இல்லை. பாடசாலை முடிந்த பின்னரே அது தொடங்குகின்றது. வன்னிப் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் வந்து போகின்றவர்கள். மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடவேண்டிய நிலையில் உள்ளவரிடம் மாலையில் நின்று முடிச்சுப் பழக்குமாறு கேட்பது நியாயமாகாது. கிராமத்திலேயே வசிக்கும் இளைஞர் யுவதிகளுள், திரிசாரணராக இருந்தவர்களையும் பழைய மாணவரையும் தெரிவு செய்து பயிற்றலாம். அவர்கள் தருச்சின்னப் பயிற்சிக்குச் சென்றுவரும் செலவைப் பழைய மாணவர் சங்கங்களோ கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களோ பகிர்ந்துகொண்டால், பாசறைக் கடிதத்தின் அடியில் அத்தாய்க்கு முன்பே பழக்கமான ஒருவரின் பெயர் இருக்கும்.