கைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை – 9: பெயர்கள் வீடு மாறிய இரவு

சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடம் பிறந்துவிடும். ஆடி 18-இல் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். பின்னாலேயே டைரி மாதிரிகளும் வரும். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923-இல் ஊர் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்த கதை இது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்த பிறகு காலண்டரும் டைரியும் தானாக வந்தன. அந்த டைரியில் எழுத வேண்டிய பேனா நிப்பு பக்கத்துச் சாத்தூரில் தயாரானது.

இப்படி ஊருக்கெல்லாம் டைரி போட்டுக் கொடுத்த இடத்துக்குள்தான், 1990-களில், கேசியோ டிஜிட்டல் டைரி வந்து சேர்ந்தது. சென்னை பர்மா பஜாரிலிருந்தும் சிங்கப்பூர் உறவினர்களின் பெட்டியிலிருந்தும் வந்த சாமான். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். திறந்தால் சின்னத் திரை, கீழே ஆங்கில எழுத்துப் பொத்தான்கள். பெயர், தொலைபேசி எண், முகவரி மூன்றையும் வைத்துக்கொள்ளும். ரகசியக் குறியீடு போட்டுப் பூட்டவும் செய்யும். பாக்கி விவரத்தைக் கடைப்பையன் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டிய வியாபாரிக்கு அந்தப் பூட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது.

அதற்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, தமிழ் தெரியாது. இன்னொன்று, பேட்டரி. உள்ளே முதன்மைப் பேட்டரியும் துணைப் பேட்டரியும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடக்கூடாது. இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் அத்தனை பெயரும் போய்விடும். தீபாவளி சீசனுக்கு நடுவில் அப்படிப் பறிகொடுத்தவரின் கஷ்டம் சாதாரணமானதல்ல. பட்டாசு வாங்கும் பார்ட்டிகள் குஜராத்திலும் பீகாரிலும் இருப்பார்கள். அவர்கள் நம்பர் வேறெங்கும் இருக்காது.

2000-களின் தொடக்கத்தில் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. நாடு முழுக்கத் தரைவழி எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்கள். 04562 என்ற ஒரே குறியீட்டில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர் மூன்றும் இருந்ததால், உள்ளூர் நம்பர்களை மாற்றவே பல நாள் பிடித்தது. மாற்றி முடித்த களைப்பு தீருவதற்குள் செல்போன் வந்துவிட்டது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை, 2003-இல் டார்ச் வைத்த நோக்கியா 1100.

பழையதிலிருந்து புதியதற்குப் பெயர்களை ஏற்ற ஒயர் எதுவும் கிடையாது. கடை அடைத்த பிறகு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கேசியோவைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் போனில் அமுக்குவார்.

“அண்ணாச்சி, அடுத்த பேரச் சொல்லுங்க.”

“சிவா, லாரி ஆபீஸ். போடுல.”

எஸ் என்ற எழுத்துக்கு 7-ஐ நாலு தடவை தட்ட வேண்டும். ஐ-க்கு 4-ஐ மூன்று, வி-க்கு 8-ஐ மூன்று, ஏ-க்கு 2-ஐ ஒரு தடவை. சிவா என்ற சின்னப் பெயருக்கே 11 தட்டு. நானூறு பார்ட்டி இருந்தால் கட்டைவிரல் என்னாவது?

நோக்கியா 1100-இன் சொந்த நினைவில் 50 பெயர்தான் அடங்கும். மிச்சம் சிம் கார்டுக்குப் போக வேண்டும். சிம்மில் ஒரு பெயருக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். முகவரிக்கு இடமில்லை. டிஜிட்டல் டைரியில் பத்திரமாக இருந்த தெருவும் பின்கோடும் அங்கேயே நின்றுவிட்டன. சரக்கு புக்கிங்குக்கு முகவரி தேவை. ஆகவே பலர் பழைய கேசியோவை மேஜை டிராயரில் உயிரோடு வைத்துப் பேட்டரி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். புதிய பொருள் வந்ததும் பழையது ஒழிந்தது என்று எழுதுவது சுலபம். கடைகளில் நடந்தது அதுவல்ல.

தமிழ் வருவதற்கு இன்னும் காலம் பிடித்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005-இல் வெளிவந்து கைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. ஆனாலும் பின்னால் வந்த ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அது சரியான பிறகே ‘கோழி வெடி செல்வம்’, ‘திருத்தங்கல் அத்தை’ என்று வாய் சொல்கிறபடியே பெயர் பதிய முடிந்தது. இந்த மொத்த மாற்றத்தில் பெரியது இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். இருபது ஆண்டுகளாக ஆங்கிலப் பெரிய எழுத்தில் முடங்கிக் கிடந்த சொந்தபந்தம் தன் பெயரோடு வீட்டுக்கு வந்தது.

இந்தக் கைபேசி நுழைய முடியாத இடமும் இதே ஊரில் இருக்கிறது. பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்குத் தடை. தீப்பெட்டி, பீடியோடு சேர்த்து அதையும் வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர், எவ்வளவு சரக்கு முடிந்தது என்பதை போர்மேன் நோட்டில்தான் எழுதுகிறார். உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு அது.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்ததும் போனை வாங்கி, நோட்டை முழங்காலில் விரித்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தாளின் ஓரத்தில் அலுமினியப் பொடி பட்ட கட்டைவிரல் ரேகை சாம்பல் நிறத்தில் மின்னுகிறது. படத்திலும் அது விழுகிறது.

(தொடரும்)